வெள்ளீயம் போய் சைக்கிள் வந்த ஊர்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், வடகிழக்குப் பக்கம் டெர்பி என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்தால் பிழைத்த ஊர். 1929-இல் சுரங்கத்துக்குத் தண்ணீர் தந்த அணை உடைந்து 14 பேர் இறந்தார்கள். 1940-களின் இறுதியில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். வேலை தேடி ஆட்கள் கிளம்பிப் போக, 2016 கணக்கெடுப்பில் ஊரில் 200 பேர்கூட இல்லை.

ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, 2015-இல், அரசுப் பணத்தில் அங்கே மலை சைக்கிள் பாதைகளைத் திறந்திருந்தார்கள். 2017-இல் என்டூரோ உலகத் தொடர் போட்டியின் ஒரு சுற்று அங்கே நடந்தது.

சரி, பாதையில் ஓட்டக் கட்டணம் கிடையாதே, ஊருக்கு எப்படிக் காசு வரும்?

விஷயம் பாதையின் நீளத்தில் இருக்கிறது. ரெண்டு மணி நேரத்தில் ஓட்டி முடிக்கிற பாதை என்றால் வந்தவர் ஒரு காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுவார். மூணு நாள் ஓட்டினாலும் தீராத பாதை என்றால் ராத்தங்கணும், ரெண்டு வேளை சாப்பிடணும், சைக்கிளை ரிப்பேர் பண்ணணும், மலை உச்சிக்கு ஏற்றிவிட வண்டி வேணும். இது அத்தனையும் உள்ளூரில் வேலை.

பராமரிப்பும் அப்படித்தான். மண் பாதைக்கு முதல் எதிரி மழைத் தண்ணீர். பாதையின் சரிவு, மலைச் சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது பாதை போடுகிறவர்களின் கணக்கு. தாண்டினால் தண்ணீர் குறுக்கே வழியாமல் பாதையிலேயே ஓடி அரித்துவிடும். ஒழுங்காகப் போட்ட பாதையையும் வருஷா வருஷம் ஆள் வைத்துச் சீர்செய்யணும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. டெர்பியில் வீட்டு விலை ஏறியது. பல வீடுகள் சுற்றுலா விடுதிகளாயின. ஓட்டலில் பரிமாறுகிறவருக்கு அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை என்றால், லாபம் யாருக்கு?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கிங்டம் டிரெயில்ஸ் என்ற பாதைத் தொகுப்பு இதைவிடக் கூர்மையான பாடம். பாதைகளில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் போகிறது. நில உரிமையாளர்கள் காசு வாங்காமல் அனுமதித்தார்கள். கூட்டம் பெருகியது. கடைக்காரருக்கு வியாபாரம், நிலத்துக்காரருக்கு நெரிசலும் சத்தமும். 2019 டிசம்பரில் மூன்று நில உரிமையாளர்கள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் நிலத்தின் வழியே போன பாதைகள் அறுந்துபோயின.

அதனால் பாதை வந்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் கணக்குப் போட்டால் போதாது. வருகிற காசு யார் கைக்குப் போகிறது, தொந்தரவு யார் வாசலில் நிற்கிறது? இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்றால், கொஞ்சம் காசை அந்த வாசலுக்கும் கொண்டுபோகிற ஏற்பாட்டைப் பாதை போடும்போதே செய்துவிட வேண்டும். கூட்டம் வந்த பிறகு அதைப் பேசி முடிப்பது ரொம்பக் கஷ்டம்.