கால் பைபாஸ்: பிறகுதான் கவனம் வேண்டும்

சொந்தச் சிரையா, செயற்கைக் குழாயா?

தொடைத் தமனி அடைபட்டால், நோயாளியின் காலிலிருந்தே நீண்ட சிரையை எடுத்து ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போடும் முறையை 1948-ல் பாரிஸில் ழான் குன்லான் தொடங்கிவைத்தார். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மறிக்காதபடி அதைத் தலைகீழாகத் திருப்பித் தைத்தார். இன்றும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பைபாஸுக்குச் சொந்தச் சிரையை மிஞ்சிய குழாய் இல்லை. செயற்கைக் குழாய் அங்கே சீக்கிரம் அடைபடுகிறது.

2022-ல் வெளியான பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களில் பைபாஸ் செய்துகொண்ட 42.6 சதவீதத்தினருக்குக் காலில் பெரிய பாதிப்போ மரணமோ நேர்ந்தது. பலூன், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் அது 57.4 சதவீதம். அடுத்த ஆண்டே பிரிட்டனின் பேசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புகளில் பலூன் முறைக்குச் சாதகமாக வந்தது. எனவே, "என் சிரை எப்படி இருக்கிறது? அடைப்பு எந்த இடத்தில்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகள்

புண் ஆறி, நடை திரும்பியதும் பலர் மருத்துவமனைப் பக்கமே போவதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். முதல் இரண்டு ஆண்டுகளில்தான் சிரையின் உள்சுவர் தடித்து, பாதை குறுகுவது அதிகம். அப்போது வலியே இருக்காது. டாப்ளர் ஸ்கேன் மட்டுமே காட்டிக்கொடுக்கும். குறுகலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பலூனால் விரிக்கலாம். முழுக்க அடைபட்டுவிட்டால் பாதையை மீட்பது கடினம்.

சிரை எடுத்த காலில் சில வாரங்கள் வீக்கமும், உள்பக்கம் மரத்த உணர்வும் இருப்பது சகஜம். ஆனால் கால் திடீரென ஜில்லிட்டு, வெளிறி, கடுமையாக வலித்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அந்தச் சில மணி நேரத்தில்தான் காலைக் காப்பாற்ற முடியும்.

பீடியும் சிகரெட்டும்

அறுவைக்குப் பிறகும் புகைப்பவர்களுக்குப் பைபாஸ் அடைபடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. 'ஒன்றிரண்டுதானே' என்ற சலுகைக்கு இங்கே இடமே இல்லை. சர்க்கரை நோயாளிகள் தினமும் இரவில் விரலிடுக்குகளைப் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த பாதத்தில் செருப்பு கடித்த புண்கூடத் தெரியாது.

இதயத்தையும் பாருங்கள்

காலில் அடைப்பு வந்தவருக்கு இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாய்களிலும் அதே நோய் இருக்க வாய்ப்பு அதிகம். பைபாஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறப்பவர்கள் பலர். ஆஸ்பிரின், ஸ்டாட்டின் மாத்திரைகளைக் கால் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அறுவை செய்த மருத்துவரைக் கேளுங்கள்.