சின்னாளப்பட்டிக்கு வந்த டாக்டரம்மா

சின்னாளப்பட்டிச் சேலை உங்கள் பெட்டியிலும் ஒன்று இருக்கும். அது நெய்யப்படும் ஊருக்குப் போயிருக்கிறீர்களா, சகோதரிகளே? திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கிறது அந்த ஊர். அதன் பக்கத்திலேதான் காந்திகிராமம்.

அதை உண்டாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். மோட்டார்த் தொழிலில் பெயர் பெற்ற டி.வி.எஸ். சுந்தரம் ஐயங்காரின் அருமை மகள். பிறந்தது 1904-ல். சிறு வயதிலேயே கல்யாணம். கணவரும் டாக்டர்தான். பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்து, அந்த நோய்க்கே அவர் பலியானார்.

விதவையை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் அது. சௌந்தரமோ டில்லிக்குப் போய், லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து, 1936-ல் டாக்டரானார். 1940-ல் காந்தியடிகளின் ஆசியுடன் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார்.

1947-ல் தம்பதியர் இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஏழைத் தாய்மார்களின் பிரசவத்துக்காகச் சிறிய அளவில் ஆரம்பித்த வைத்தியப் பணி, கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்து இன்றும் நடக்கிறது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் காந்திகிராமத்தில் ஓர் இல்லம் உண்டு. 1962-ல் திண்டுக்கல் மக்கள் அம்மையாரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். மத்திய அரசில் கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார். 1984-ல் காலமானார்.

செல்வந்தர் வீட்டுப் பெண். ஏழைகளுக்கு உதவ நினைத்தால் மதுரையில் இருந்தபடியே பணம் அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் தாமே வந்தார். மெய்யான பரிவுக்கு அதுதான் அடையாளம்.

“ஆஸ்பத்திரி கட்ட நமக்கு ஏது வசதி?” என்கிறீர்களா? வேண்டாம். வீட்டு வேலைக்கு வருகிறவள் ஒரு நாள் வரவில்லை. நமக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? தேய்க்காத பாத்திரங்களா, அவள் உடம்பா? மறுநாள் வந்தவளிடம், “ஏன் நேற்று வரவில்லை?” என்று கேட்பதும் ஒரு கேள்விதான். “குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?” என்பதும் ஒரு கேள்விதான். இரண்டாவதைக் கேட்க, அவள் வீட்டில் குழந்தை இருப்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெருவில் யாரைக் கண்டாலும் “சௌக்கியமா?” என்கிறோம், பதில் வருமுன்னே நடையைக் கட்டிவிடுகிறோம். நாளை ஒருவரிடமாவது, கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்று பாருங்களேன். பதில் என்னவாயிருந்தாலும், கேட்க ஓர் ஆள் இருந்ததே என்ற ஆறுதல் அவருக்கு மிஞ்சும்.