அமெரிக்க சிவில் வழக்கில் ஆட்சேபிக்கும் உரிமை



நம் பேரவையில் இருந்து பட்டம் பெற்றுச் சென்றவர்களில் அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் வீட்டுக் கதவை ஒரு நாள் யாரோ தட்டி, ஓர் உறையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகலாம். உள்ளே இருப்பது சப்பீனா. அவர் முன்பு வேலை செய்த நிறுவனத்தின்மேல் இன்னொரு நிறுவனம் வழக்குத் தொடுத்திருக்கும். இன்ன தேதியில் இன்ன முகவரிக்கு வந்து சாட்சியம் சொல்ல வேண்டும், வரும்போது இந்த விவகாரம் தொடர்பாக உங்களிடம் உள்ள மின்னஞ்சல், குறுஞ்செய்தி, குறிப்பேடு அனைத்தையும் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அவர் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

நான் கோலாலம்பூரில் வழக்கறிஞர். மேற்படிப்பில் அமெரிக்க சிவில் நடைமுறையைப் படித்தவன். அந்த ஒரே காரணத்தால், இப்படி உறை கிடைத்த நம் முன்னாள் மாணவர்கள் இருவர் என்னை அழைத்திருக்கிறார்கள். இருவரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, போகாம இருந்தா என்ன ஆகும்?" இரண்டாவது கேள்வி, விசா போய்விடுமா என்பது. சாட்சியாக அழைக்கப்படுவது குற்றச்சாட்டு ஆகாது; ஆகவே இரண்டாவது கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த முறையைப் புரிந்துகொள்வோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாட்சி பேசும் இடம் நீதிமன்றம். நீதிபதி முன்னிலையில்தான் குறுக்கு விசாரணை நடக்கும். ஆவணங்களை ஒருவருக்கொருவர் காட்டும் முறை நம்மிடமும் உண்டு. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 24ஆம் கட்டளையும், சிங்கப்பூரில் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள புதிய விதிகளின் 11ஆம் கட்டளையும் அதைப் பற்றியவை. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே ஒரு சாட்சியை வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார வைத்து, சத்தியப் பிரமாணம் செய்வித்து, நாள் முழுக்கக் கேள்வி கேட்பது நம் வழக்கம் அன்று. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களில் 1938ஆம் ஆண்டு விதிகள் வந்தது முதல் அது அன்றாட நடைமுறை. அதற்குப் பெயர் டெப்போசிஷன்.

அந்த அறையில் நீதிபதி இருக்கமாட்டார். இரு தரப்பு வழக்கறிஞர்கள், சாட்சி, சொன்ன ஒவ்வொரு சொல்லையும் தட்டச்சு செய்யும் ஒருவர், பெரும்பாலும் ஒரு வீடியோ கேமரா, அவ்வளவுதான். வேறு உத்தரவோ உடன்பாடோ இல்லாவிட்டால் ஒரு சாட்சிக்கு ஒரே நாள், 7 மணி நேரம். ஒரு தரப்பு பத்துப் பேர் வரை இப்படி விசாரிக்கலாம். கேமராவை அலட்சியம் செய்யக்கூடாது. 1998இல் மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கில் பில் கேட்ஸ் இப்படி அளித்த சாட்சியம் பின்னர் நீதிமன்றத்தில் திரையிடப்பட்டது. சாதாரணச் சொல்லுக்குக்கூட என்ன பொருள் என்று அவர் திருப்பிக் கேட்டது அவருக்கு உதவவில்லை.

சினிமாவில் வழக்கறிஞர் "அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்" என்று எழுந்தால் நீதிபதி உடனே தீர்ப்புச் சொல்வார். டெப்போசிஷனில் தீர்ப்புச் சொல்ல ஆளே இல்லை. ஆட்சேபம் பதிவாகும், அதன்பின் சாட்சி பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பதிலை வழக்கில் பயன்படுத்தலாமா என்பதைப் பின்னர் நீதிபதி முடிவு செய்வார். "பதில் சொல்லாதே" என்று வழக்கறிஞர் தடுக்க மூன்றே காரணங்கள் உண்டு: வழக்கறிஞரிடம் ரகசியமாகப் பேசியது போன்ற சட்டப் பாதுகாப்பு பெற்ற செய்தியைக் காப்பது, நீதிமன்றம் ஏற்கெனவே விதித்த வரம்பைக் காப்பது, தொல்லை எல்லை மீறியதால் விசாரணையையே நிறுத்தி நீதிமன்றத்தை நாடுவது. "சம்பந்தமில்லாத கேள்வி" என்பது இந்த மூன்றில் இல்லை. ஆட்சேபத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சாட்சிக்குப் பதிலை எடுத்துக்கொடுப்பதுபோல் நீட்டிப் பேசக்கூடாது.

இப்போது அந்த உறைக்கு வருவோம். அதில் இருப்பவை இரண்டு கட்டளைகள்: வா, கொண்டு வா. இரண்டையும் ஆட்சேபிக்கும் வழி வேறு வேறு. பலர் தடுமாறுவது இங்கேதான்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வழக்கில் தரப்பினர் அல்லாத ஒருவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தாலே போதும். சப்பீனா கையில் கிடைத்த 14 நாளுக்குள், அல்லது அதில் குறிப்பிட்ட நாளுக்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் அந்தக் கடிதம் எதிர் வழக்கறிஞரிடம் சேரவேண்டும். சேர்ந்துவிட்டால், நீதிமன்றம் உத்தரவிடும்வரை ஆட்சேபித்த ஆவணங்களைக் கொடுக்க வேண்டியதில்லை. உத்தரவு வாங்கும் சுமை கேட்டவர்கள் தலையில்.

ஆனால் அதே கடிதம் "வா" என்ற கட்டளையைத் தடுக்காது. நேரில் போகாமல் இருக்க வேண்டுமானால், சப்பீனாவை ரத்து செய்யும்படியோ வரம்பு விதிக்கும்படியோ நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். போதிய அவகாசம் தரவில்லை, வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தில் இருந்து 100 மைலுக்கு மேல் வரச் சொல்கிறார்கள், நியாயமற்ற சுமை என்பன போன்றவை அதற்கு ஏற்ற காரணங்கள். கடிதம் போட்டுவிட்டோமே என்று வீட்டில் உட்கார்ந்தால் நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம்.

நீங்களே வாதி அல்லது பிரதிவாதி என்றால் கணக்கு வேறு. அப்போது சப்பீனா தேவையில்லை, அறிவிப்பே போதும். அதோடு ஆவணமும் கேட்டால் பதில் தர 30 நாள். இங்கே நான் சொல்வதெல்லாம் கூட்டரசு நீதிமன்ற விதிகள். மாநில நீதிமன்றங்களுக்குத் தனி விதிகள் உண்டு, நாள் கணக்கும் மாறும். சப்பீனாவின் தலைப்பில் எந்த நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஆட்சேபக் கடிதத்தில் என்ன எழுதுவது? வழக்கறிஞர்களுக்கு இதில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "தெளிவற்றது, மிக விரிவானது, பெரும் சுமையானது" என்று எல்லாக் கோரிக்கைக்கும் ஒரே மந்திரத்தை ஒப்பிப்பார்கள். நம் ஊரிலும் இந்த நோய் இல்லாமல் இல்லை. 2015 டிசம்பரில் அமெரிக்க விதிகள் திருத்தப்பட்டன. தரப்பினர் எதை ஆட்சேபிக்கிறார்கள், ஏன் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும், அதன் பேரில் எதையாவது கொடுக்காமல் வைத்திருக்கிறார்களா என்பதையும் சொல்ல வேண்டும் என்றாயிற்று. பழக்கம் விடவில்லை. 2017இல் ஃபிஷர் எதிர் ஃபாரெஸ்ட் என்ற வழக்கில் நியூயார்க் நீதிபதி ஆண்ட்ரூ பெக் பொறுமை இழந்தார். இனி இப்படி மொட்டையாக ஆட்சேபித்தால், சட்டப் பாதுகாப்பு பெற்றவற்றைத் தவிர மற்ற எல்லா ஆட்சேபங்களையும் கைவிட்டதாகக் கொள்வேன் என்று எழுதினார். (வழக்கு தேனீ வளர்ப்போர் பயன்படுத்தும் ஒரு பொருளைப் பற்றியது. கொட்டு வாங்கியவர்கள் வழக்கறிஞர்கள்.) அந்த விதி வழக்கின் தரப்பினருக்கானது என்றாலும், வெளியாரின் கடிதத்துக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

ஒழுங்காக ஆட்சேபிப்பது எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இதைவிடப் பழையது. 1943 பிப்ரவரி 7ஆம் நாள், பிலடெல்பியாவில் டெலவர் ஆற்றில், ரயில் பெட்டி ஏற்றும் மிதவை ஒன்றை இழுத்துச் செல்ல உதவிய 'ஜே. எம். டெய்லர்' என்ற இழுவைப் படகு மூழ்கியது. அதில் இருந்த 9 பேரில் 5 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்துப் படகு உரிமையாளர்கள் வழக்கறிஞரை அமர்த்தினார்கள். ஃபோர்ட்டன்பா என்ற அந்த வழக்கறிஞர், உயிர் பிழைத்த நால்வரிடமும் பேசி, கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்கி வைத்துக்கொண்டார். இறந்த ஒருவரின் சார்பில் ஹிக்மன் என்பவர் வழக்குத் தொடுத்து 39 கேள்விகளை அனுப்பினார். 38ஆம் கேள்வி அந்த வாக்குமூலங்களைக் கேட்டது.

ஃபோர்ட்டன்பா மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கொடுத்தார். அந்த ஒன்றையும் அதைத் தொடர்ந்து வந்த துணைக் கேள்விகளையும் மட்டும் ஆட்சேபித்தார். வழக்குக்காக வழக்கறிஞர் தயாரித்ததை எதிர்த் தரப்பு கேட்கக்கூடாது என்பது அவர் காரணம். கீழ் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவமதிப்பு என்று தீர்ப்பளித்து, கொடுக்கும்வரை அவரையும் உரிமையாளர்களையும் சிறையில் வைக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது. 1947 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. நீதிபதி மர்ஃபி எழுதிய தீர்ப்பு, உண்மைகளை இரு தரப்பும் அறிந்திருக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நால்வரும் ஏற்கெனவே பகிரங்க விசாரணையில் சாட்சியம் சொல்லியிருந்தார்கள். ஹிக்மனின் வழக்கறிஞர் நேரே போய் அவர்களைக் கேட்டிருக்கலாம். நியாயமான தேவை எதையும் காட்டாமல் எதிரி வழக்கறிஞரின் கோப்பைத் திறக்கச் சொல்வதைத்தான் நீதிமன்றம் மறுத்தது. இந்தப் பாதுகாப்பு 1970இல் விதியிலேயே எழுதப்பட்டது.

ஐந்து பேர் இறந்த வழக்கில் ஒரு வழக்கறிஞர் காகிதத்தைக் கொடுக்க மறுத்தது முதலில் எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் உண்மையை மறைக்கவில்லை. கேட்ட மற்றவற்றைக் கொடுத்துவிட்டு, கொடுக்காதது எது, ஏன் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

என்னை அழைத்த இருவரில் ஒருவருக்கு இந்த முறைதான் கைகொடுத்தது. "எல்லா மின்னஞ்சல்களும்" என்ற கோரிக்கையை அவருடைய கலிபோர்னியா வழக்கறிஞர் குறிப்பாக ஆட்சேபித்தார். அவர் வேலை செய்த ஒரே திட்டம், அதுவும் குறிப்பிட்ட சில மாதங்கள், அவற்றைத் தருகிறோம். குடும்பச் செய்திகளும் வேறு திட்டங்களும் இல்லை என்று எழுதினார். எதிர்த் தரப்பு தொலைபேசியில் பேசி ஒப்புக்கொண்டது. நீதிபதி வரை போகவே இல்லை. முன்னாள் முதலாளியோடு செய்த ரகசிய ஒப்பந்தம் மட்டுமே மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. தொழில் ரகசியத்தைப் பார்ப்பவர் யார் என்று வரம்பிடும் பாதுகாப்பு உத்தரவை நீதிமன்றத்தில் கேட்கலாம். பழைய நிறுவனத்துக்கும் செய்தி சொல்லிவிடுங்கள். பல நேரங்களில் அவர்களே வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சப்பீனா கைக்கு வந்தபின் வாட்ஸ்அப்பில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள். ஆட்சேபிக்கும் உரிமை, ஆவணம் அப்படியே இருக்கும்போதுதான் உண்டு.

சிங்கப்பூரில் வசிக்கும் நண்பருக்கு அமெரிக்க வழக்கறிஞர் நேரே சப்பீனா அனுப்பினால்? அமெரிக்கக் குடிமகனாக இல்லாத ஒருவரை அது அங்கே கட்டுப்படுத்தாது. வெளிநாட்டுச் சாட்சியம் பற்றிய 1970ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 1978இல் சேர்ந்தது. அதன்படி அமெரிக்க நீதிமன்றம் கோரிக்கை அனுப்ப வேண்டும். விசாரணைக்கு முன் ஆவணங்களைப் பொதுப்படையாகத் துழாவும் கோரிக்கையை ஏற்பதில்லை என்று சிங்கப்பூர் அப்போதே அறிவித்துவிட்டது.

டெப்போசிஷனுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. பதிவை வாசித்துத் திருத்தும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அதை அங்கே கேள்வி முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். கேட்டால், பதிவு தயார் என்று அறிவித்த நாளில் இருந்து 30 நாள் கிடைக்கும். மாற்றும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.