கரும்புகைக்கு யார் பொறுப்பு?

பழைய ஜிப்ஸியின் கம்ப்யூட்டர் பொய் சொல்வதில்லை. பிறர் சொல்லும் பொய்யை நம்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். முதல் பெரிய ஊர் பாறசாலை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. தமிழும் மலையாளமும் மட்டும் இன்னும் ஒரே டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வொர்க்‌ஷாப்பிலும் அப்படியே. சைலன்சரில் கரும்புகை வந்தால் 'பெட்ரோல் ஜாஸ்தி போகுது' என்பார்கள், அல்லது 'பெட்ரோள் கூடுதலாணு' என்பார்கள். நோயில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மருந்தில்தான் தகராறு.

ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதைகளிலும், வெள்ளறடை, அம்பூரி பக்கத்து மேடுகளிலும் மழைக்காலத்தில் ஏற நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். மாருதி ஜிப்ஸி அந்த வேலைக்கென்றே பிறந்தது. 1985-ல் கார்புரேட்டருடன் வந்த ஜிப்ஸிக்கு 2000-ல் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் கிடைத்தது: 1,298 சி.சி., 16 வால்வு, 80 குதிரைத்திறன். பொதுச் சந்தையிலிருந்து 2019-ல் அது விடைபெற்றது. ஆக, முதல் இன்ஜெக்‌ஷன் ஜிப்ஸிகளுக்கு இன்று கால் நூற்றாண்டு வயது. உலோகம் தாங்குகிறது, ரப்பர் குழாய்களும் வயர் இணைப்புகளும் தாங்குவதில்லை.

புகை வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. 15 ஆண்டு முடிந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ. 600-லிருந்து ரூ. 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு அதை ரூ. 10,000 ஆக்கி மத்திய அரசு 2025 ஆகஸ்டில் அறிவிக்கை வெளியிட்டது. இவ்வளவு கட்டியும் புகைச் சோதனையில் தோற்றால் பயனில்லை. பாரத் ஸ்டேஜ்-2, 3 வகை பெட்ரோல் கார்கள் ஐடிலிங்கில் விடும் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம்.மையும் தாண்டக்கூடாது. அதற்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம் வரை சலுகை உண்டு. தாத்தாவுக்குக் கிடைக்கும் மன்னிப்பு அப்பாவுக்குக் கிடையாது.

மூளையும் உளவாளிகளும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டரில் இந்தக் கணக்கை ஜெட்டின் துளை பார்த்துக்கொண்டது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் திருத்தினார். இன்ஜெக்‌ஷனில் திருக ஸ்க்ரூ இல்லை. கம்ப்யூட்டர் தன் உளவாளிகளைக் கேட்டுத்தான் இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்ட் திறப்பது என்று முடிவு செய்கிறது. இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை மேப் சென்சார் சொல்கிறது. கூலன்ட் சூட்டை ஒரு சென்சார் சொல்கிறது. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமா என்பதை ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது.

வழக்கமாக முதல் பழி கடைசி ஆளின் மேல் விழுகிறது. புகை என்றதும் ஆக்சிஜன் சென்சார் மாற்றப்படுகிறது. செலவு ஆகிறது, புகை போவதில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறித் துள்ள வேண்டும். 0.8-க்கு மேலேயே நின்றால் பெட்ரோல் உண்மையிலேயே அதிகம் என்று பொருள். அப்போது அது கெட்ட சென்சார் அல்ல, உண்மை பேசும் சாட்சி. 0.2-க்குக் கீழே நின்றுகொண்டே கரும்புகையும் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் சைலன்சர் பைப்பில் சென்சாருக்கு முன்னால் ஓட்டை உண்டா, ஏதாவது ஒரு பிளக் மிஸ்ஸாகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டிலும் சென்சாரைத் தொடுவது எரியாத ஆக்சிஜன். பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும்.

செலவில்லாத இடத்தில் தொடங்கு

முறையான தேடல் மலிவானதிலிருந்து தொடங்குகிறது. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தால் பாதி விடை தெரியும். ஒன்று மட்டும் கரி பிடித்திருந்தால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் ஒழுகலாம், அல்லது அங்கே நெருப்பு சரியில்லை. நான்கும் கறுத்திருந்தால் கோளாறு பொதுவானது.

அடுத்து ரப்பர் குழாய்கள். மேப் சென்சாருக்குக் குழாய் மூலம் வேக்குவம் போகும் வண்டிகளில், அதில் வெடிப்பு விழுந்தால் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் படிக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே மலை ஏறுவதாகக் கம்ப்யூட்டர் நம்பிவிடுகிறது. ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயையும் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அதில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இன்ஜெக்டரைத் தாண்டி வேறு வழியாகவும் இன்ஜின் குடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய நோய். இன்ஜின் சூடேறுகிறது என்று எப்போதோ ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார். அது இல்லாத இன்ஜின், மழை நாளிலும் நெடுஞ்சாலை ஓட்டத்திலும் உரிய சூட்டை எட்டுவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கும் கூடுதல் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் நிறுத்துவதும் இல்லை. தெர்மோஸ்டாட் இருந்தும் கூலன்ட் சென்சாரின் இணைப்பில் பச்சை பூத்திருந்தால் விளைவு அதேதான். பொதுவாக இந்த சென்சார் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரையும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் காட்டும். துரு கூடுதல் ஓம் சேர்த்தால் கொதிக்கும் இன்ஜினும் கம்ப்யூட்டர் கண்ணுக்குக் குளிர்ந்ததாகத் தெரியும். இதற்கு எச்சரிக்கை விளக்கு எரியாமலே போகலாம். வயர் அறுந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியும். நம்பும்படியான பொய்யை அது கண்டுபிடிக்காது. ஒரு மல்டிமீட்டரும் ஒரு வெப்பமானியும் கண்டுபிடிக்கும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மீதும் இப்போது பழி விழுகிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியத்தான் செய்யும். கரும்புகைக்கு அது நேரடிக் காரணம் அல்ல. ஆனால் அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை அது அரிக்கக்கூடும் என்ற அச்சம் நியாயமானது.

பொறுமை இழந்தவர்கள் இன்ஜெக்‌ஷனையே பிடுங்கிவிட்டு கார்புரேட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை செய்கிறது. 0.5 சதவீத வரம்பும் வண்டியை விட்டுப் போகாது. தள்ளிப்போடுவதும் வழியல்ல. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து தேன்கூட்டை உருக்குகிறது. சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. சில நூறு ரூபாய் ரப்பர் குழாய்க்காக ஒரு இன்ஜின் தேய்கிறது.

2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு ரூ. 2 சமூகப் பாதுகாப்பு செஸ் போட்ட பிறகு, எல்லை தாண்டிப் போய் டேங்க் நிரப்பி வருவது இன்னும் லாபமாகிவிட்டது. அங்கே மிச்சம் பிடித்த ரூபாயை வெடித்த குழாய் ஒன்று பாறசாலைக்கு வந்து சேர்வதற்குள் புகையாக்கிவிடும்.