மூச்சுக்கு ஒரு வடிகட்டி

திருப்பூர் என்றதும் பனியன்தான் நம் நினைவுக்கு வரும். துணியைப் பற்றி அவ்வூராருக்கு வேறு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது அவர்களும் ஒரு புதுப் பாடம் பயில நேர்ந்தது. பனியன் தைத்த ஆலைகள் பல, முகக் கவசமும் வைத்தியர்களுக்கான முழு உடற்கவசமும் தைக்கலாயின. இத்தகைய உடற்கவசங்களைக் கோயம்புத்தூரிலுள்ள 'சிட்ரா' என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிலையம் செயற்கை ரத்தத்தைக் கொண்டு சோதித்தது. துணி உறுதியாயிருந்தால் மட்டும் போதாது. ஊசி சென்ற துளை வழியே ரத்தம் கசியக்கூடும். ஆதலால் தையலின்மேல் நாடாவைச் சூடாக்கி ஒட்ட வேண்டியதாயிற்று. ஊசித் துளையும் கிருமிக்குக் கோட்டை வாசல்தான்!

ஆபரேஷன் அறையிலும் இத்தகைய வாசல் ஒன்று உண்டு. மயக்க மருந்து கொடுக்கும் கருவிகள் பலவற்றில், நோயாளி வெளியிடும் மூச்சு வீணாவதில்லை. குழாய் வழியே சென்று, சோடாச் சுண்ணாம்பில் கரியமில வாயுவை இழந்து, மீண்டும் அவரிடமே திரும்புகிறது. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் காலையில் ஒருவர் மூச்சு விட்ட குழாயில் மாலையில் இன்னொருவர் மூச்சு வாங்கினால் என்ன ஆகும்? 1993-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், அடுத்தடுத்துச் சிகிச்சை பெற்ற சிலருக்கு 'ஹெபடைடிஸ் ஸி' என்னும் கல்லீரல் நோய் தொற்றியது. மயக்கக் கருவியின் குழாய்மீதே சந்தேகம் விழுந்தது.

இதற்குக் காவலாக நிற்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வடிகட்டி. நோயாளியின் வாயருகே, குழாய் தொடங்குமிடத்தில் அதைப் பொருத்துகிறார்கள். அதைச் சல்லடை என்று எண்ணிவிடக் கூடாது. அதிலுள்ள இழைகளின் இடைவெளி பல கிருமிகளைவிடப் பெரியது. எனினும், காற்றோடு வளைந்து செல்ல இயலாத பெருந்துகள் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. தள்ளாடித் திரியும் நுண்துகள் தானே வந்து சிக்குகிறது. சில வடிகட்டிகளில் இழைக்கு மின்சாரமும் ஏற்றப்பட்டிருப்பதால், அது கிருமியைக் காந்தம்போல் இழுத்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று: ஒரு நோயாளிக்கு ஒரு வடிகட்டி என்பதே விதி. சில ரூபாயை மிச்சம் பிடிக்க எண்ணி அதையே அடுத்தவருக்கும் மாட்டினால், காவலனே கள்வனாகிவிடுவான். சளியில் நனைந்த வடிகட்டி மூச்சையும் தடுக்கும்.

பிறர் உடுத்துக் களைந்த பனியனைத் துவைக்காமல் நாம் அணிவதில்லை. பிறர் விட்ட மூச்சுக்கு மட்டும் ஏன் இணங்க வேண்டும்? நம் வீட்டார் ஆபரேஷனுக்குச் செல்லும்போது, "வடிகட்டி புதிதுதானே, டாக்டர்?" என்று பணிவுடன் கேட்பதில் தவறொன்றும் இல்லை.