அப்பாவின் எக்ஸ்ரே இப்போது எங்கே இருக்கிறது?

லாபு, ரந்தாவ், சிலியாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில், அலமாரியின் மேல் ஒரு பெரிய பழுப்பு உறை கிடந்ததுண்டு. உள்ளே இருப்பது அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே. ஈரம் ஏறி, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருக்கும். தோட்டம் மேம்பாட்டுக்குப் போய், லயத்தைக் காலி செய்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது அந்த உறையைக் குப்பையென்று எறிந்தவர்களும் உண்டு.

அது குப்பையல்ல. நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தால், "பழைய படம் இருக்கிறதா?" என்றுதான் மருத்துவர் கேட்பார். காசநோய் ஆறிய தழும்பும் புதிதாக முளைத்த கட்டியும், ஒரே ஒரு படத்தில் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றக்கூடும். ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. அப்போது இல்லாதது இப்போது இருந்தால், காலம் தாழ்த்தாமல் சோதிக்க வேண்டும்.

இந்தப் பழைய படத்தைத் தொலையாமல் காப்பதற்குத்தான் மருத்துவமனைகள் கணினியை நாடின. நம் நாட்டில் 1999-இல் செயல்படத் தொடங்கிய செலாயாங் மருத்துவமனை, காகிதமும் பிலிமும் இல்லாமல் இயங்கும்படி திட்டமிடப்பட்டது. எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரங்கள் எடுக்கும் படம் நேரே மையக் கணினிக்குப் போய்விடும். அங்கிருந்து வார்டிலும் அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கலாம். 'பேக்ஸ்' என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். எந்த நிறுவனத்தின் இயந்திரம் எடுத்த படமானாலும் மற்றொன்று படிக்கும்படி செய்தது, 1993-இல் வந்த 'டைகாம்' என்ற பொது விதிமுறை.

சி.டி. ஸ்கேனில் ஒரு துண்டுப்படம் ஏறக்குறைய அரை மெகாபைட். 500 துண்டுகள் எடுத்தால் 250 மெகாபைட். இதைத் தாங்குவதற்குப் பெரிய சேமிப்பும் வேகமான இணைப்பும் தேவை. செலவும் அதிகம்.

எல்லாம் கணினியில் இருக்கிறதே என்று நம்மவர்கள் நிம்மதியாகிவிடக் கூடாது. ஒரு மருத்துவமனைக்குள் ஓடும் படம், அடுத்த மருத்துவமனைக்கும் தானாகவே ஓடிவிடும் என்பதில்லை. ஜெலுபுவிலிருந்தோ கோலப்பிலாவிலிருந்தோ சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர், "என் படம் அங்கே தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. தெரியாது என்றால் குறுந்தட்டில் பதிந்து தரும்படி கேட்கலாம். தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து எடுத்த ஸ்கேனுக்கும் இதுவே வழி. கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது அவசரத்துக்கு உதவலாம், நோயைக் கண்டறியப் போதாது. எக்ஸ்ரேயில் 4,096 சாம்பல் நிறப் படிகள் வரை இருக்கும். கைப்பேசிப் படத்தில் மிஞ்சுவது 256 மட்டுமே. மெல்லிய நிழல் அங்கேயே காணாமல் போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தோடும் நோயாளியின் பெயரும் எண்ணும் சேர்ந்தே பதிவாகின்றன. முனியாண்டி என்ற பெயரை ரூமி எழுத்தில் மூன்று விதமாக எழுதலாம். முகப்பிடத்தில் எண் ஒன்று மாறினாலும் அவருடைய பழைய படம் வேறோர் ஆளின் பதிவில் போய்க் கிடக்கும். கணினி அதைத் தேடித் தராது, 'படம் இல்லை' என்றுதான் சொல்லும். தோட்டத்து முதியவர்களில் பழைய அட்டை எண்ணைச் சொல்கிறவர்கள் உண்டு. சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும், எந்தப் பத்திரமும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பத்திரம் இல்லாதவர்களுக்கு மருத்துவமனை தரும் பதிவு எண்தான் ஒரே சாவி.

ஆகவே பெரியவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகள், முன்பு எந்தப் பெயரில், எந்த எண்ணில் பதிந்தார்கள் என்பதை முகப்பிடத்திலேயே சொல்லிச் சரிபார்க்க வேண்டும். மருத்துவமனை தந்த பழைய அட்டை கிழிந்திருந்தாலும் அதையும் கையோடு கொண்டு போகலாம்.