இதயம் பலவீனமானவர்களுக்கு மறதி ஏன்? நடையும் மூளைப் பயிற்சியும் சேர்ந்தால் என்ன பலன்?

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டாச்சு" என்கிறார் பெரியவர். அட்டையை எடுத்துப் பார்த்தால் மாத்திரை அப்படியே இருக்கிறது. இதய நோயாளிகள் உள்ள பல வீடுகளில் இது நடக்கிறது. "வயசாயிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுகிறோம். வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பலவீனமான இதயமும் மறதிக்கு ஒரு காரணம்.

ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயத்தால் அனுப்ப முடியவில்லை என்பதே பொருள். ஆரோக்கியமான இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். எக்கோ ரிப்போர்ட்டில் இந்த அளவு 40 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் இதயத்தின் தள்ளும் சக்தி குறைந்துவிட்டது என்று பொருள். இந்த அளவு சரியாக இருந்தும், இதயத் தசை விறைத்துப் போனதால் வரும் செயலிழப்பும் உண்டு.

நம் மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கே போகிறது. ஆக்சிஜனைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் மூளைக்கு வழியில்லை. இரத்த ஓட்டம் நாள்பட்டுக் குறையும்போது கவனம் சிதறுகிறது, புதிதாகக் கேட்டது மனதில் நிற்பதில்லை, ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்வது சிரமமாகிறது. கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கக் குறைவு, மனச்சோர்வு இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இந்த மறதியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நோயாளி தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், நீர் பிரியும் மாத்திரையை வேளை தவறாமல் போட வேண்டும். எல்லாமே நினைவை நம்பிய வேலைகள். நான்கு நாள் மாத்திரை தவறினால் கால் வீங்கி, மூச்சு வாங்கி, மீண்டும் மருத்துவமனைதான்.

ஒரு காலத்தில் இவர்களுக்குப் படுக்கை ஓய்வையே சொன்னார்கள். இன்றும் நம் வீடுகளில் பாசத்தினால் தண்ணீர்கூட எடுக்க விடாமல் உட்கார வைத்துவிடுகிறோம். 2009இல் வெளியான 'எச்எஃப் ஆக்‌ஷன்' என்ற ஆய்வில் 2,331 நோயாளிகள் பங்கேற்றார்கள். முறைப்படி செய்யும் உடற்பயிற்சி இவர்களுக்குப் பாதுகாப்பானது என்று அது காட்டியது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தது சிறிதளவுதான். ஆனாலும் அன்றாட வாழ்க்கை ஓரளவு மேம்பட்டது.

இதோடு மூளைப் பயிற்சியையும் சேர்த்தால் என்ன? அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறை ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். நோயாளிகளில் ஒரு பிரிவினர் நடைப்பயிற்சியோடு கணினியில் மூளைப் பயிற்சியும் செய்தார்கள். கேட்ட சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் இவர்களிடம் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் புரிகிறது: நடை இரத்த ஓட்டத்தைச் சீராக்கி மூளையைத் தயார் செய்கிறது, பயிற்சி அந்த மூளைக்கு வேலை கொடுக்கிறது.

வீட்டில் எப்படித் தொடங்குவது? முதலில் இதய மருத்துவரிடம் கேளுங்கள். ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்து, எவ்வளவு தாங்கும் என்று அவர் சொல்வார். சமதளத்தில் ஐந்து, பத்து நிமிடம் போதும். வாரம் ஓரிரு நிமிடமாகக் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகம் அதிகம் என்று பொருள். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம், பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பைக் குறைத்தே காட்டும். பள்ளிவாசல் அருகில் இருந்தால் அஸருக்கு நடந்து போய் வருவதே நல்ல பயிற்சி. தொழுகையின் அசைவுகள் நல்லவைதான், ஆனால் நடைக்கு அவை மாற்றாகாது. சுஜூதிலிருந்து மெதுவாக எழச் சொல்லுங்கள், இரத்த அழுத்த மாத்திரையால் தலை சுற்றலாம்.

நடந்து வந்து சற்று இளைப்பாறிய பிறகு இருபது நிமிடம் மூளைக்கு. இங்கே ஒரே விதி: பயிற்சி புதிதாகவும் கொஞ்சம் கடினமாகவும் இருக்க வேண்டும். பல வருடமாக ஓதிவரும் சூராவைத் திரும்ப ஓதுவதில் மூளைக்குச் சிரமமில்லை. தெரியாத சூராவில் தினம் ஓர் ஆயத் மனனம் செய்வது உண்மையான பயிற்சி. பத்துப் பொருள் கொண்ட கடைப் பட்டியலைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்வது, மனக்கணக்கு, குறுக்கெழுத்து எல்லாம் சரி. பேரப்பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைத்தால் விளையாட்டாகவும் போகும். டிவி பார்ப்பது கணக்கில் வராது. காசு கட்டி ஆப் வாங்கத் தேவையில்லை. 2016இல் 'லூமோசிட்டி' நிறுவனம், மறதியைத் தள்ளிப்போடும் என்பது போன்ற விளம்பரங்களுக்காக அமெரிக்க அரசு அமைப்பிடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பயிற்சி பலன் தரும்வரை மாத்திரையை அவர் நினைவுக்கே விட்டுவிடாதீர்கள். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். ரமளானில் மாத்திரை நேரத்தை நாமாக மாற்றக் கூடாது; நோன்பு வைக்கலாமா என்பதையும் சேர்த்து முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினால், கணுக்கால் வீங்கினால், தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டால் நடையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலும், திடீரென்று பேச்சுக் குழறினாலும், வாய் ஒரு பக்கம் கோணினாலும் காத்திருக்கவே கூடாது. பேச்சுக் குழறுவதும் வாய் கோணுவதும் பக்கவாதத்தின் அறிகுறி, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.